கறுப்பு மீனின் இரண்டாவது ஏரி

ஜப்பானின் மிக ஆழமான ஏரியில் மட்டுமே வாழ்ந்த குனிமாஸு, 1940-களில் அடியோடு அழிந்ததாகக் கருதப்பட்டது. 70 ஆண்டுகள் கழித்து, 500 கிலோமீட்டர் தள்ளி, வேறொரு ஏரியில் அது அகப்பட்டது. ஆனால் பிறந்த ஊருக்குத் திரும்ப வழியில்லை.

பெட்டியில் வெள்ளி நிற மீன்கள் வந்திருக்க வேண்டும். வந்தவற்றில் சில கறுத்துக் கிடந்தன. 2010 மார்ச் மாதம் அது. மீன்களை வரவழைத்தவர் ஜப்பானியத் தொலைக்காட்சி நேயர்களுக்கு மிகவும் பழக்கமான சகானாகுன். பெட்டிமீன் வடிவத் தொப்பி இல்லாமல் அவரை யாரும் திரையில் பார்த்ததில்லை. பெயருக்கு 'மீன் தம்பி' என்று பொருள். கோமாளி வேஷம் என்று ஒதுக்கிவிட முடியாது. மீன்களைப் பார்த்த மாத்திரத்தில் இனம் சொல்லக்கூடியவர், மீன்களைத் துல்லியமாக வரையக்கூடியவர், டோக்கியோ கடலியல் பல்கலைக்கழகம் ஒன்று 2006-ல் அழைத்துக் கௌரவ இணைப் பேராசிரியர் பதவி தந்த மனிதர்.

அவருக்கு வந்திருந்த வேலை கொஞ்சம் விசித்திரமானது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் நகாபோ டெட்ஸுஜி, ஜப்பானின் முன்னணி மீன் வகைப்பாட்டியல் நிபுணர். உலகில் இல்லாமல் போய்விட்ட ஒரு மீனை அதன் நிறத்தோடு வரைந்து தரும்படி கேட்டிருந்தார். மீனின் பெயர் குனிமாஸு. பார்த்து வரையக் கைவசம் இருந்ததெல்லாம் ஃபார்மலினில் பல பத்தாண்டுகள் ஊறி நிறம் வெளுத்த சில உடல்கள்தான். அதனால் அதன் நெருங்கிய உறவான ஹிமேமாஸு என்ற மீனைச் சில ஏரிகளிலிருந்து வரவழைத்து, அதை மாதிரியாக வைத்துக்கொண்டு வரையலாம் என்று சகானாகுன் முடிவு செய்தார். அப்படி ஃபியூஜி மலையடிவாரத்தில் உள்ள சாய்கோ ஏரியிலிருந்து வந்தவைதான் அந்தக் கறுப்பு மீன்கள்.

அவற்றை எடுத்துக்கொண்டு அவர் கியோட்டோ போனார். மாதிரிக்கு வாங்கிய மீனே, மாதிரி தேவைப்பட்ட மீனாக இருக்கலாம் என்ற சந்தேகம் நகாபோவுக்கும் எழுந்தது. உடற்கூறு ஆய்வு, மரபணு ஆய்வு எல்லாம் முடிந்து, 2010 டிசம்பரில் செய்தி வெளியானது: குனிமாஸு உயிரோடு இருக்கிறது. ஆய்வுக் கட்டுரை 2011-ல் அச்சேறியது. அழிந்த பட்டியலில் ஏறிய ஒரு மீன் இப்படித் திரும்பி வருவது ஜப்பானுக்குப் புதிது.

குனிமாஸுவின் சொந்த ஊர் ஜப்பானின் பிரதான தீவின் வடக்கே, அகிதா மாநிலத்தில் உள்ள தஸாவா ஏரி. ஏறக்குறைய வட்டமான இந்த ஏரியின் ஆழம் 423.4 மீட்டர். டெல்லியின் குதுப் மினார் 73 மீட்டர் உயரம். ஐந்து குதுப் மினார்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி மூழ்கடித்த பிறகும், ஆறாவதில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீருக்குள் போய்விடும். ஏரியின் மேல்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 249 மீட்டரில் இருக்கிறது. தரையோ கடல் மட்டத்துக்குக் கீழே. இவ்வளவு ஆழத்தில் கோடை, குளிர்காலம் என்ற வித்தியாசம் கிடையாது. தண்ணீர் ஆண்டு முழுவதும் 4 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். வெளிச்சம் எட்டாது. உணவும் சொற்பம்.

இந்த இருட்டுக் குளிருக்குப் பழகிய மீன்தான் குனிமாஸு. சால்மன் குடும்பம். நீலகிரி ஓடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட ரெயின்போ ட்ரௌட்டும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்றால் வாசகர்களுக்கு உறவுமுறை புரியும். நீளம் முழங்கை அளவுகூட வராது. 30 சென்டிமீட்டரை ஒட்டி. நிறம் சாம்பல் கலந்த கறுப்பு. சால்மன் குடும்பத்து மீன்கள் பொதுவாக முட்டையிட ஓடும் ஆற்றைத் தேடி ஏறுபவை. கடலிலிருந்து ஆற்றுக்கு எதிர்நீச்சல் போடும் சால்மன்களின் படங்களைப் பார்த்திருப்போம். குனிமாஸு அதற்கு நேர்மாறு. மேலே ஏறாமல் கீழே இறங்குகிறது. பல பத்து மீட்டர் ஆழத்தில், ஏரித் தரையின் சரளைக் கற்களுக்கிடையே, அதுவும் குளிர்காலத்தின் நடுவில் முட்டையிடுகிறது. ஏரிக்குள் சொல்லிக்கொள்ளும்படி பெரிய ஆறு எதுவும் வந்து சேராத தஸாவாவில் சிக்கிக்கொண்ட மீனுக்கு வேறு வழி இருந்திருக்காது.

அறிவியலுக்கு இது அறிமுகமானது 1925-ல். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக இருந்த டேவிட் ஸ்டார் ஜோர்டான், சக ஆய்வாளர் மெக்ரிகருடன் சேர்ந்து இதைத் தனி இனமாக விவரித்தார். கியோட்டோவைச் சேர்ந்த நன்னீர் உயிரியலாளர் கவாமுராவின் நினைவாக 'கவாமுரே' என்று பெயரிட்டார்கள். ஆனால் ஏரிக்கரைக்காரர்களுக்கு அதற்கு முன்பே இது பெயரும் கதையும் உள்ள மீன். 'குனி' என்றால் நாடு, 'மாஸு' என்பது ட்ரௌட் வகை மீன். நம் வழக்கில் 'நாட்டு மீன்' எனலாம், நாட்டுக்கோழி போல! அகிதாவை ஆண்ட சதாகே பிரபு ஒருவர் ருசித்துப் பார்த்து, இது நம் நாட்டின் மீன் என்று மகிழ்ந்து வைத்த பெயர் என்பது செவிவழிச் செய்தி.

மீன் பிறந்த கதையும் உண்டு. தட்ஸுகோ என்ற அழகி, அழகு அழியாதிருக்க வரம் வேண்டினாள். குறிப்பிட்ட ஊற்றைத் தேடிக் குடி என்று பதில் வந்தது. குடித்தாள். தாகம் அடங்கவில்லை. குடித்துக் குடித்தே நாகமாகி ஏரிக்குள் இறங்கிவிட்டாள். தேடி வந்த தாய், மகளின் கோலம் கண்டு, கையிலிருந்த எரிகொள்ளியைத் தண்ணீரில் வீசினாள். அந்தக் கரிக்கட்டைதான் கறுப்பு மீனாகி நீந்திப் போனதாம். கொள்ளிக்கட்டை மீன் என்ற பெயரும் இதற்கு உண்டு. தட்ஸுகோவின் தங்க நிறச் சிலை ஒன்று 1968 முதல் ஏரிக்கரையில் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதன்முன் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கதை இருக்கட்டும், விலை என்ன? ஒரு மீனுக்கு ஒரு 'ஷோ' அரிசி, அதாவது ஒன்றரைக் கிலோ. ஏழை மலைநாட்டில் இது சாதாரண விலை இல்லை. பிள்ளை பெற்றவளுக்கும் நோயாளிக்கும் புத்தாண்டுக்கும் வாங்குகிற மீன் அது. ஆழத்தில் வலையிறக்கிப் பிடிக்கும் உரிமை ஏரியைச் சுற்றியிருந்த சில குடும்பங்களிடம் இருந்தது. கடுங்குளிரில் படகில் போய், கையால் அந்த நீளக் கயிற்றை இழுத்த தொழில்.

தஸாவாவுக்கு வடக்கே மலைமேல் தமாகாவா என்ற வெந்நீர் ஊற்று உள்ளது. ஒரே வாயிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 9,000 லிட்டர், 98 டிகிரி கொதிநிலையில் பீறிடுகிறது. ஜப்பானில் ஒற்றை ஊற்றாக இதைவிடப் பெரியது கிடையாது. அந்தத் தண்ணீரின் அமிலத்தன்மை பி.எச். அளவில் 1.2. எலுமிச்சைச் சாற்றின் அளவு 2-ஐ ஒட்டியது. இந்த அளவுகோலில் ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்பதை நினைவில் வைத்தால், ஊற்றின் வீரியம் விளங்கும். நோய் தீர அதன் கரையில் சூடான பாறைமேல் பாய் விரித்துப் படுக்க இன்றும் ஜனங்கள் வருகிறார்கள். ஆனால் ஊற்று கலந்து ஓடும் தமாகாவா ஆற்றுக்கு உள்ளூரில் 'விஷத் தண்ணீர்' என்றே பெயர். அதில் மீன் கிடையாது. அதைப் பாய்ச்சினால் நெல் தேறாது. அமிலத்தை மட்டுப்படுத்த 19-ஆம் நூற்றாண்டிலேயே முயன்று பார்த்திருக்கிறார்கள்.

1930-களில் வட ஜப்பான் பஞ்சத்தில் தவித்தது. 1934-ல் குளிர் தாக்கி விளைச்சல் பொய்த்தது. பெண் பிள்ளைகளை விற்ற கொடுமையெல்லாம் நடந்தது. இன்னொரு பக்கம் போர் நெருங்கிக்கொண்டிருந்தது. அரசுக்கு மின்சாரம் வேண்டும், அரிசியும் வேண்டும். பொறியாளர்களின் கணக்கு எளிமையானது. விஷ ஆற்றைத் திருப்பி ஏரிக்குள் விடுவது. அத்தனை பெரிய ஏரியில் கலந்தால் அமிலம் நீர்த்துப்போகும். நீர்த்த தண்ணீரை மின் நிலையத்துக்கு விட்டு, அங்கிருந்து செம்போகு சமவெளியின் வயல்களுக்கு அனுப்பலாம். ஏரி ஒரே நேரத்தில் அணையாகவும் கலவைத் தொட்டியாகவும் வேலை செய்யும்.

மீன் என்னவாகும் என்பது தெரியாமல் செய்ததில்லை. தெரிந்தே செய்தார்கள். ஆனால் அந்தக் காலத்து ஜப்பானில், நாட்டின் தேவை என்று சொல்லிவிட்ட பிறகு ஒரு மீனுக்காக யார் பேச முடியும்? மீனவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கப்பட்டது. 1940 ஜனவரியில் ஆறு ஏரிக்குள் திருப்பி விடப்பட்டது.

அதுவரை நடுநிலைக்கு அருகே, 6.7 அளவில் இருந்த ஏரியின் பி.எச். 5-க்கும் கீழே சரிந்தது. சில ஆண்டுகளுக்குள் குனிமாஸு மட்டுமல்ல, ஏரியின் மற்ற மீன்களும் ஏறக்குறைய எல்லாம் மறைந்தன. அமிலத்தைத் தாங்கக்கூடிய உகுய் என்ற கெண்டைக் குடும்பத்து மீன்தான் மிஞ்சியது. வயல்காரர்களுக்காவது முழு லாபமா என்றால் அதுவும் இல்லை. ஏரி எதிர்பார்த்த அளவுக்கு அமிலத்தை விழுங்கவில்லை. அமிலம் தோய்ந்த தண்ணீர் கால்வாய்களின் கான்கிரீட்டை அரித்தது, பயிருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மின் நிலையம் மட்டும் ஓடியது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம், 1935-ல் நடந்த ஒரு பார்சல் வியாபாரம்.

தஸாவா மீனவர்கள் 1930-களில் குனிமாஸு முட்டைகளைப் பொரிப்பகத்தில் வைத்து வளர்த்து, வேறு மாநில ஏரிகளுக்கும் அனுப்பி வந்தார்கள். நல்ல விலை போகிற மீனை மற்ற ஏரிகளிலும் பரப்பிப் பார்க்கலாம் என்ற ஆசைதான்; இனத்தைக் காப்பாற்றும் எண்ணம் அதில் இருந்ததாகச் சொல்ல முடியாது. அப்படி 1935-ல் சாய்கோ ஏரிக்கு ஒரு லட்சம் முட்டைகள் போயின. வேறு சில ஏரிகளுக்கும் போயின. அங்கெல்லாம் என்ன ஆயிற்று என்று யாரும் பின்தொடர்ந்து பார்க்கவில்லை. அடுத்து போர் வந்தது, தோல்வி வந்தது, பசி வந்தது. முட்டைகள் மறந்தே போயின.

முற்றாக மறந்தது என்றும் சொல்லக் கூடாது. ஏரிக்கரையில் பழைய மீனவக் குடும்பம் ஒன்றில், முட்டைகள் எங்கெங்கே அனுப்பப்பட்டன என்பதற்கான காகிதங்கள் பத்திரமாக இருந்தன. அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் அவற்றை வைத்துக்கொண்டு ஏரி ஏரியாக விசாரித்துத் திரிந்தார். சாய்கோவும் அவர் தேடிய இடங்களில் ஒன்று. 1995-ல் தஸாவா சுற்றுலாச் சங்கம், குனிமாஸுவைக் கண்டுபிடித்துத் தருபவருக்குப் பரிசு அறிவித்தது. முதலில் 10 லட்சம் யென், பிறகு 50 லட்சம். நாடெங்கிலுமிருந்து மீன்கள் வந்தன. நிபுணர்கள் பார்த்தார்கள். எதுவும் குனிமாஸு இல்லை. 1998-ல் பரிசுத் திட்டத்தை மூடிவிட்டார்கள். காகிதங்களோடு அலைந்த பெரியவர் 2010-ல் உயிரோடு இல்லை.

இத்தனைக்கும் அந்த மீன் ஒளிந்துகொண்டிருக்கவில்லை என்பதுதான் இந்தக் கதையின் வேடிக்கை. சாய்கோ மீனவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்த மீன். 'குரோமாஸு', கறுப்பு மீன் என்று அழைத்தார்கள். வலையில் வந்தது, தூண்டிலில் வந்தது, சமையலுக்கும் போனது. முட்டையிடும் பருவத்தில் ஹிமேமாஸு நிறம் மாறுவது வழக்கம். அப்படிக் கறுத்துப்போன ஹிமேமாஸுதான் இது என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த நினைப்பில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. ஹிமேமாஸு முட்டையிடுவது இலையுதிர் காலத்தில். கறுப்பு மீன்கள் முட்டையோடு அகப்பட்டதோ குளிர்காலத்தின் கடைசியில், ஆழத்தில். மீனவர் இதைக் கவனித்திருக்கலாம்; ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. வகைப்பாட்டியல் நிபுணர் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் சாய்கோவில் வலை போடவில்லை. இருவருக்கும் நடுவே ஒரு ஓவியன் தேவைப்பட்டான்.

கியோட்டோவில் அதை எப்படி உறுதி செய்தார்கள்? கறுப்பு நிறத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. செவுள்களில் சீப்புப் பற்கள்போல் வரிசையாக நிற்கும் முட்களை எண்ணினார்கள். இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்தில் விரல் விரலாகத் தொங்கும் சிறு பைகளை எண்ணினார்கள். குனிமாஸுவுக்கு ஹிமேமாஸுவைவிட இந்தப் பைகள் குறைவு. பழைய மாதிரிகளை விவரித்த நூல்களோடு எண்ணிக்கை ஒத்துப்போனது. அடுத்தது இதைவிட முக்கியமான கேள்வி. ஒரே ஏரியில் 75 ஆண்டுகளாக ஹிமேமாஸுவோடு சேர்ந்து வாழ்ந்த மீன், கலப்பினமாகிவிடாமல் இருந்ததா? மரபணு ஆய்வு சொன்ன பதில்: கலக்கவில்லை. ஒன்று இலையுதிர் காலத்தில், இன்னொன்று குளிர்காலத்தில் ஆழத்தில். இரண்டும் தத்தம் வழியில் குடும்பம் நடத்தியிருக்கின்றன. குனிமாஸு தனி இனமா, இல்லை ஒரு சால்மன் இனத்தின் கிளைதானா என்ற பழைய வாதத்தில் தனி இனக் கட்சிக்கு இது வலுவூட்டியது. வாதம் முழுவதுமாக ஓய்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை.

சாய்கோ அப்படி ஒன்றும் பெரிய ஏரி இல்லை. பரப்பு 2 சதுர கிலோமீட்டர் சொச்சம். ஆழம் 72 மீட்டர், அதாவது ஒரே ஒரு குதுப் மினார். கி.பி. 864-ல் ஃபியூஜி மலை கக்கிய எரிமலைக் குழம்பு, பெரிய ஏரி ஒன்றைத் துண்டாடிய போது உருவான துண்டு இது. தஸாவாவோடு ஒப்பிட்டால் குட்டை. ஆனாலும் குனிமாஸு கேட்பது 400 மீட்டர் அல்ல என்பது தெரிந்துவிட்டது. குளிர்ந்த அடிநீர், சரளைத் தரை, நிலத்தடி நீர் கசியும் இடம் இவை போதும். சாய்கோவில் 30 மீட்டர் ஆழத்துக்கு அருகே அப்படிப்பட்ட இடத்தில்தான் அது முட்டையிடுகிறது என்பது பிற்பாடு தெரிய வந்தது. 1935-ல் முட்டைகளை அனுப்பியவர்களுக்கு இந்த விவரம் எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. மற்ற ஏரிகளில் மீன் பிழைத்ததற்குச் சான்று கிடைக்காததையும் சேர்த்துப் பார்த்தால், இது குருட்டு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

செய்தி வெளியான சில நாட்களில், 2010 டிசம்பர் 23 அன்று, அப்போதைய பேரரசர் அகிஹிதோவுக்கு 77-வது பிறந்த நாள். வழக்கமான பத்திரிகையாளர் சந்திப்பில் அந்த ஆண்டின் நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசும்போது குனிமாஸுவைப் பற்றியும் பேசினார். இதில் ஆச்சரியமில்லை, அவர் உளுவை மீன்கள் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய மீனியலாளர். தமக்கு 12 வயதாக இருக்கும்போது மீனியல் அறிஞர் ஓஷிமா மசமிட்சு சிறுவர்களுக்காக எழுதிய அறிவியல் புத்தகத்தைப் படித்ததாகவும், அமில நீரால் தஸாவாவின் குனிமாஸு அழிந்துபோகும் என்று அதில் கண்டதை மறக்கவே இல்லை என்றும் அவர் நினைவுகூர்ந்தார். போர் முடிந்த காலத்துச் சிறுவனின் நினைவு அது. மீனைக் காப்பது பற்றிப் பேசியபோது, சாய்கோ மீனவர் சங்கம் ஏரியை நிர்வகித்து வந்ததால்தான் மீன் இன்றுவரை காக்கப்பட்டது, எனவே இப்போதுள்ள நிலையிலேயே அதைக் கவனித்து வருவது நல்லது என்று அவர் குறிப்பிட்டது கவனத்துக்குரியது.

ஏனென்றால் பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. சாய்கோவின் வருமானத்தில் ஒரு பங்கு ஹிமேமாஸு தூண்டில்காரர்களிடமிருந்து வருவது. அழிந்த மீன் கிடைத்துவிட்டது, இனி ஏரியில் தூண்டில் போடாதே என்று டோக்கியோவிலிருந்து ஓர் உத்தரவு வந்தால்? தெரியாமல் பிடித்துத் தெரியாமல் காப்பாற்றிய மீனுக்காகத் தங்கள் தொழிலே போய்விடுமோ என்ற பயம் மீனவர் சங்கத்துக்கு இருந்தது. நியாயமான பயம். தஸாவா மீனவர்களிடமிருந்து அரசாங்கம் மீனைப் பிடுங்கியது 1940-ல். இப்போது அதே மீனின் பெயரால் சாய்கோ மீனவர்களிடமிருந்து ஏரியைப் பிடுங்கினால் அழகாக இருக்காது. நல்லவேளையாக அப்படி நடக்கவில்லை. முட்டையிடும் பகுதியில் மீன்பிடிக்கத் தடை, மற்ற இடங்களில் ஹிமேமாஸு வழக்கம்போல என்ற நடுவழி ஒன்று ஏற்பட்டது.

அரசு ஏடுகளில் குனிமாஸுவின் நிலைமை தமாஷானது. 2007 பட்டியலில் 'அழிந்த இனம்'. 2013-ல் திருத்தி 'இயற்கையில் அழிந்த இனம்' என்றார்கள். பொதுவாக மிருகக்காட்சிசாலையிலோ தொட்டியிலோ மட்டும் மிஞ்சியிருக்கும் உயிர்களுக்கு ஒதுக்கப்பட்ட தலைப்பு அது. சாய்கோவில் குனிமாஸு யாருடைய தயவும் இல்லாமல் தானே இரை தேடி, தானே முட்டையிட்டு, தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. ஆனாலும் மனிதன் கொண்டுபோய் விட்ட இடம் என்பதால் கணக்கில் சேராது. விதியின்படி சரிதான். மீனிடம் கேட்டால் என்ன சொல்லுமோ!

விதி ஒரு பக்கம் இருக்க, ஒரே சின்ன ஏரியில் ஒரே கூட்டமாக இருக்கும் இனத்துக்கு ஒரு விபத்து போதும். அடிநீர் சூடேறினாலோ, புதிய நோய் புகுந்தாலோ, சரளைத் தரையில் சேறு படிந்தாலோ முடிந்தது கதை. எனவே சாய்கோ இருக்கும் யாமானாஷி மாநிலத்தின் மீன்வள மையம், ஏரியில் பிடித்த குனிமாஸுகளிலிருந்து முட்டை எடுத்துப் பொரிக்க வைத்து வளர்க்கத் தொடங்கியது. இருட்டும் குளிரும் பழகிய மீனைத் தொட்டியில் வளர்ப்பது லேசான காரியமில்லை. அங்கே பிறந்து வளர்ந்த மீன்கள்தான் இன்று சாய்கோவுக்கு வெளியே உள்ள ஒரே காப்பு.

தஸாவா? அகிதாக்காரர்கள் 2010-லேயே கேட்ட முதல் கேள்வி, எங்கள் மீன் எப்போது வீடு திரும்பும் என்பதுதான். தமாகாவா ஊற்றின் அருகே, நசுக்கிய சுண்ணாம்புக் கல்லில் அமில நீரை ஓடவிட்டு வீரியத்தைக் குறைக்கும் ஆலை ஒன்று 1989-ல் ஓட்டிப் பார்க்கப்பட்டு, 1991 முதல் முழுமையாக இயங்குகிறது. அதனால் ஏரி முன்பைவிடத் தேறியிருக்கிறது. ஆனால் பி.எச். 5-க்குச் சற்று மேலே வந்து தயங்கி நிற்கிறது. அதிலும் மேல்நீர் தேறிய வேகத்தில் ஆழ்நீர் தேறவில்லை. குனிமாஸுவுக்கு வேண்டியதோ ஆழ்நீர். ஆற்றைப் பழைய வழியிலேயே விட்டுவிட்டால் ஏரி தானாகத் தெளியும் என்பவர்கள் உண்டு. அப்படி விட்டால் கீழே உள்ள வயல்களுக்கும் மின் நிலையத்துக்கும் என்ன பதில் என்பவர்களும் உண்டு. 1940-ல் போட்ட கணக்கின் இரண்டு பக்கங்களும் அப்படியே இருக்கின்றன. மீனை இழந்ததன் விலை மட்டும் இப்போது ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

ஏரி பார்ப்பதற்கு அபார அழகு. நடு ஏரியின் அந்த அடர் நீலத்தைப் புகைப்படத்தில் பார்ப்பவர்கள் திருத்தப்பட்டது என்று நினைப்பார்கள். படகுக் காரர்கள் பயணிகளுக்குத் தட்ஸுகோவின் கதையைச் சொல்கிறார்கள். அவளுடைய காதலன் ஹச்சிரோதாரோ என்ற நாகம், கடலோரத்து ஹச்சிரோகதா ஏரியில் வாழ்பவன். குளிர்காலம் தோறும் அவன் இங்கே வந்து தங்குவதால்தான் தஸாவா உறைவதில்லை, அவனில்லாத ஹச்சிரோகதா ஆண்டுக்காண்டு ஆழம் குறைகிறது என்பது கதை. போருக்குப் பிறகு அந்த ஹச்சிரோகதாவின் பெரும்பகுதியையும் வடித்து நெல்வயலாக்கிவிட்டார்கள்.

2017 ஜூலையில் தஸாவா ஏரிக்கரையில் குனிமாஸுவுக்கென்று ஒரு காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய வலைகளும் தொழில் கருவிகளும் காகிதங்களும் அங்கே இருக்கின்றன. குளிரூட்டிய தொட்டியில் சில கறுப்பு மீன்கள் மெதுவாகச் சுற்றி வருகின்றன. அவை யாமானாஷி மாநிலம் இரவல் கொடுத்தவை. முட்டையிட்டதும் இறந்துவிடும் இனம் என்பதால் ஆயுள் சில ஆண்டுகள்தான். தொட்டி காலியானால் மறுபடி யாமானாஷியிடம்தான் கேட்க வேண்டும். வெளியே, சில அடி தூரத்தில் உள்ள ஏரியில், உகுய் மீன்கள் கரையோரம் கூட்டமாக மேய்கின்றன.